முட்டிக்கு அடியில் என்ன போடுவது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 36 வயது. 15 வருடமாக டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். நாளுக்கு ஐந்து மணி நேரமாவது முட்டி போட்டபடிதான் இருப்பேன். நான்கு மாதமாக வலது முட்டிக்கு முன்னால் கொழகொழவென்று ஒரு வீக்கம். தொட்டால் பெரிதாக வலி இல்லை. ஆனால் மாடிப்படி ஏறி இறங்கும்போது முட்டிக்கு உள்ளே குத்துகிறது. இதுவரை மூன்று ஜோடி முட்டி பேட் வாங்கிவிட்டேன். ஒன்றில் பட்டை அறுத்துக் கால் மரத்துப்போனது. இன்னொன்று அரை மணிக்கு ஒரு தடவை கணுக்காலுக்கு இறங்கிவிடும். மூன்றாவது பிளாஸ்டிக் மூடி வைத்தது. அது பளபளப்பான டைல்ஸில் கீறல் போட்டு, என் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பழையபடி சிமென்ட் சாக்கை மடித்துப் போட்டுத்தான் வேலை செய்கிறேன். ஜெல் பேட் வாங்கினால் எல்லாம் சரியாகுமா? என்னோடு 19 வயதுப் பையன் ஒருவன் வேலை கற்றுக்கொள்கிறான். அவனுக்கும் இப்போதே வாங்கித் தர வேண்டுமா?

பதில்:

வணக்கம் தம்பி.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எந்த பேட் வாங்குவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விவரமாகவே பதில் சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள் என்னை முதலில் பிடித்து நிறுத்திவிட்டன. முட்டிக்கு முன்னால் வீக்கம், படி ஏறினால் உள்ளே குத்தல். வேலையால் வரும் மூட்டுத் தொந்தரவுகளையே வருடக்கணக்காகப் பார்த்துவரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன், இவை இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு கோளாறுகள். வெளியே இருக்கும் வீக்கம் தரையின் அழுத்தத்தால் வருவது. அதைத் தடுக்க நல்ல பேட் உதவும். உள்ளே குத்துவது முட்டியை மணிக்கணக்காக மடக்கி வைப்பதோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அந்த இடத்துக்கு எந்த பேடும் போய்ச் சேராது. மூன்று ஜோடி வாங்கியும் உங்களுக்கு நிம்மதி கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் வீக்கம். முட்டிச் சில்லுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பை இருக்கிறது, பர்சா என்போம். முட்டியை மடக்கி நீட்டும்போது தோல் எலும்பின் மேல் உராயாமல் வழுக்கிப்போக அது உதவுகிறது. சாதாரணமாக அதற்குள் ஈரம் ஒட்டினாற்போல் கொஞ்சம் திரவம்தான் இருக்கும். தினமும் கடினமான தரையில் அழுந்தி அழுந்தி உராய்ந்தால் பையின் சுவர் தடித்து, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். கொழகொழவென்று நீங்கள் எழுதியிருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மண்டியிட்டுத் தரை தேய்த்த வீட்டுப் பணிப்பெண்களின் பெயரால் ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. கார்ப்பெட் விரிப்பவர்கள் பெயரிலும் சொல்வார்கள். பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வந்த இதே தொந்தரவு அங்கே தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆக, இது உங்கள் உடம்பின் பலவீனம் இல்லை. வேலையால் வருவது.

வலி இல்லை என்பதால் நான்கு மாதம் தள்ளிப்போட்டுவிட்டீர்கள். இனிமேல் தள்ளிப்போட வேண்டாம். எலும்பு மருத்துவர் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அதற்குள் இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். வீக்கம் திடீரென்று சிவந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முட்டியில் ஒரு சின்னச் சிராய்ப்பு வழியாகக் கிருமி பைக்குள் புகுந்திருக்கலாம். உங்கள் வேலையில் சிராய்ப்புக்குப் பஞ்சமே இருக்காது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டாவது, மருத்துவர் அல்லாத யார் சொன்னாலும் ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்துகொண்டு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக், அப்புறம் அறுவை சிகிச்சை, இரண்டு மாதம் வேலை இல்லை. சும்மா விட்டிருந்தால் சில வாரங்களில் அடங்கியிருக்கும் வீக்கம் அது.

வீக்கம் வற்றும்வரை அந்த முட்டியைத் தரையில் ஊன்றாமல் இருப்பதுதான் முதல் சிகிச்சை. வேலைக்குப் போகாமல் முடியாது என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அப்படியானால் இரண்டு மூன்று வாரம் வெட்டுகிற வேலை, கலவை போடுகிற வேலை, சுவர் டைல்ஸில் நின்றபடி ஒட்டக்கூடிய உயரம், இவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு, தரையைப் பையனிடம் கொடுங்கள். சாயங்காலம் ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். வீங்கின முட்டியின் மேலேயே தடியான பேடை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் நீர் வற்றாது.

சரி, இப்போது பேடுக்கு வருவோம்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் எடை முட்டியில் எந்த இடத்தில் இறங்குகிறது? பெரும்பாலானவர்கள் முட்டிச் சில்லின் மேல்தான் நிற்கிறோம் என்று நினைக்கிறார்கள். கையை எட்டி முன்னால் சாயும்போது சில்லின் மேல் கணிசமாக இறங்குவது உண்மைதான். ஆனால் நிமிர்ந்து மண்டியிடும்போதும் குதிகாலில் உட்காரும்போதும் பெரும்பாரம் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் தலைப்பில் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அதிலும் அதற்கு மேலே உள்ள தசைநாரிலும்தான் இறங்குகிறது. உட்கார்ந்தபடி சில்லுக்குக் கீழே மூன்று விரல் தள்ளித் தடவிப் பாருங்கள், அந்த மேடு கையில் தட்டும். நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்வான நிலக்கரிச் சுரங்கங்களில் மண்டியிட்டே வேலை செய்பவர்களுக்காக அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் அழுத்தத்தை அளந்து பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. கடையில் தொங்கும் எத்தனையோ பேடுகள் சில்லுக்கு மட்டும் நல்ல குழியாகச் செய்யப்பட்டு, கீழே வரவர மெலிந்து முடிந்துவிடுகின்றன. பாரம் இறங்கும் இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போகிறது.

இதைச் சோதிக்க எளிமையான வழி ஒன்று சொல்கிறேன். வெறும் முட்டியில் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள், சில்லிலும், கீழே அந்த மேட்டிலும். பேடை மாட்டி, வேலை செய்கிற மாதிரியே முன்னால் எட்டி ஒரு டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளைத் தடம் இருக்கும். தடம் முழுவதும் தடிமனான பகுதிக்குள் விழுந்திருந்தால் அந்த பேட் உங்களுக்கானது. கீழ் ஓரத்தில் வழிந்து வெளியே போயிருந்தால், அது எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வேண்டாம். நின்றபடி கண்ணாடியில் பார்த்து வாங்கினால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் முட்டியை மடக்கும்போது தோலும் துணியும் பேடும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நகர்கின்றன.

பட்டை அறுத்துக் கால் மரத்துப்போனது என்று எழுதியிருந்தீர்கள். பேடை நின்றுகொண்டு கட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் பட்டை, முட்டி போட்டதும் ஆடுதசையும் தொடையும் பிதுங்குவதால் இறுகிவிடும். முட்டியை மடக்கிய நிலையில், ஒரு காலை முன்னால் ஊன்றி மறு முட்டியில் இருந்துகொண்டு கட்டுங்கள். பட்டைக்கும் காலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டை முட்டியின் பின்மடிப்பில் ஓடக் கூடாது. கீழ்ப்பட்டை ஆடுதசையின் மேல், மேல்பட்டை தொடையின் கீழ்ப்பகுதியில் என்று பிரிந்து போக வேண்டும். அகலம் முக்கியம். இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்த பட்டை கயிறு மாதிரிதான் வேலை செய்யும்.

மரத்துப்போனதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குச் சேதி கொண்டுபோவது அந்த நரம்புதான். பட்டையோ பேடின் கடினமான ஓரமோ அதை மணிக்கணக்காக அழுத்தினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும். இன்னும் விட்டால் பாதம் தொங்கி, நடக்கும்போது விரல் தரையில் இடறும். அப்படி ஒரு தடவை ஆனாலும் பேடைக் கழற்றிப் போட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்த ஜோடியைத் திரும்ப எடுக்கவே வேண்டாம்.

கணுக்காலுக்கு இறங்கின ஜோடிக்கு அநேகமாக ஒரே ஒரு பட்டைதான் இருந்திருக்கும். ஆடுதசை கீழே போகப்போக மெலிகிறது, ஒற்றைப் பட்டை அந்தச் சரிவில் இறங்கத்தான் செய்யும். தொடையிலும் ஒரு பிடி வைத்து, நடுவில் கீல் மாதிரி மடங்கும் பேடுகள் இருக்கின்றன. அவை எடை கொஞ்சம் கூட, ஆனால் இறங்காது. அடிக்கடி எழுந்து நடக்கிற ஆளுக்கு இவைதான் தோது. இன்னொரு வழி, முட்டியில் பை தைத்த வேலைப் பேன்ட். பட்டையே கிடையாது, பேடை அந்தப் பைக்குள் சொருகிக்கொள்ளலாம். உங்களுக்கு ஏற்கெனவே நரம்பு அழுந்தியிருப்பதால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு. பேன்ட் இடுப்பில் சரியாக நிற்க வேண்டும். இடுப்பு தளர்ந்தால் பையும் சேர்ந்து இறங்கி, பேட் முட்டிக்குக் கீழே போய்விடும். முட்டி போட்டால் துணி மேலே இழுபடும் என்பதால் பை சற்று நீளமாக, பேடை மேலும் கீழும் மாற்றி வைக்கும்படி இருந்தால் நல்லது. அந்தச் சாக்பீஸ் சோதனையை இதற்கும் செய்து பாருங்கள்.

அப்புறம் மேல்மூடி. பிளாஸ்டிக் மூடி உங்கள் வேலைக்குச் சரிப்படாது. ஜல்லியும் கம்பி முனையும் கிடக்கும் கரடுமுரடான இடத்துக்கு, கூரை வேலைக்கு, சுரங்கத்துக்கு அது தேவை. பளபளப்பான தரையில் அது வழுக்கும். உருண்டையாக இருந்தால் முட்டி இரண்டு பக்கமும் ஆடும், அந்த ஆட்டத்தைச் சமாளிக்கவே தொடை நாள் முழுக்க இறுகிக்கொண்டு இருக்கும். உங்களுக்கு வேண்டியது தட்டையான அடிப்பக்கம், மெத்தென்ற ரப்பர் மாதிரி மேல்மூடி, தடம் விடாத நிறம். அப்படி வாங்கினாலும் ஒரு பழக்கம் வேண்டும். டைல்ஸ் வெட்டின சில்லு ரப்பரில் பதிந்துகொள்ளும். ஒட்டி முடித்த தரைக்கு நகரும் முன் ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் பேடின் அடியைத் துடைத்துவிடுங்கள். கூலியில் பிடித்தார்களே, அந்தக் கீறல் மூடியால் மட்டும் வந்ததா, மூடிக்கு அடியில் சிக்கின சில்லால் வந்ததா என்று சொல்ல முடியாது.

ஜெல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெல் நல்ல பொருள்தான். எலும்பு மேடு எங்கே இருக்கிறதோ அங்கே விலகி, சுற்றிலும் பரவி, அழுத்தத்தை ஒரே இடத்தில் நிற்க விடாது. ஆனால் மெல்லிய ஜெல்லை மட்டும் நம்பினால் எலும்பு அதைத் தள்ளிவிட்டுத் தரையைத் தொட்டுவிடும். நல்ல கெட்டியான நுரைக்கு மேல் ஒரு அடுக்காக ஜெல் இருந்தால் பலன் உண்டு. ஜெல் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். டைல்ஸுக்கு நடுவில் இடைவெளிக்காக வைக்கும் ஸ்பேசர் ஒன்றைத் தரையில் போட்டு, பேடோடு அதன் மேல் முட்டி போடுங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். ஸ்பேசர் எங்கே இருக்கிறது என்று முட்டிக்குத் தெரிந்தால் அந்த பேட் மெலிந்துவிட்டது அல்லது ஆரம்பத்திலேயே மெலிந்ததுதான். பழைய பேடையும் மாதம் ஒரு தடவை இதே மாதிரி பாருங்கள். நுரை ஒரே நாளில் சாவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, ஒரு கட்டத்தில் எழும்பாமலே நின்றுவிடும். பார்க்க மட்டும் புதிதாகவே இருக்கும்.

ஐரோப்பியத் தர எண் ஒன்று இருக்கிறது, இஎன் 14404. முட்டி போட்டு வேலை செய்பவர்களின் கவசங்களுக்கு என்றே உள்ள தரம். அந்த எண் லேபிளில் இருந்தால் கூடவே டைப் என்றும் லெவல் என்றும் பாருங்கள். டைப் 1 என்றால் காலில் தனியாகக் கட்டுவது. டைப் 2 என்றால் பேன்ட் பையில் சொருகுவது. டைப் 3 என்றால் தரையில் போடும் திண்டு. லெவல் 0 சமதளத்துக்கு மட்டும், கூர்முனை ஏறாமல் தடுக்கும் உத்தரவாதம் இல்லை. லெவல் 1 என்றால் 100 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட பத்துக் கிலோ அழுத்தும் விசைக்குக் கூர்முனை உள்ளே ஏறாது. லெவல் 2 என்றால் 250 நியூட்டன், பாறைச் சில்லு கிடக்கும் சுரங்கம் போன்ற இடங்களுக்கு. டைல்ஸ் வேலையில் சில்லும் ஆணியும் கிடக்கும் என்பதால் உங்களுக்கு லெவல் 1 வேண்டும். டைப் 2 பேடை அதற்கென்று தைத்த பேன்ட்டோடு சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். அதனால் ஏதோ ஒரு பேன்ட்டில் ஏதோ ஒரு பேடைச் சொருகினால் அந்த லெவலை நம்ப முடியாது.

சாக்கு விஷயத்தை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன், ஏனென்றால் அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சிமென்ட் சாக்கில் என்ன உதறினாலும் தூள் ஒட்டியிருக்கும். தரை ஈரம், கலவையின் ஈரம், உங்கள் வேர்வை, மூன்றும் அதில் சேரும். ஈரமான சிமென்ட்டின் பிஎச் அளவு 12 முதல் 13 வரை இருக்கும், கடுமையான காரம். அது தோலில் பட்டதும் நெருப்பு மாதிரி சுடாது. அதுதான் ஆபத்து. காலையில் முட்டி நனைகிறது, மத்தியானம் லேசாக அரிக்கிறது, சாயங்காலம் பேன்ட்டைக் கழற்றும்போது தோல் வெந்து போயிருக்கிறது. ஒருவர் முட்டியில் கறுத்துப்போன இரண்டு வட்டங்களோடு என்னிடம் வந்தார். வலி தெரியவே இல்லை என்றார். காரம் ஆழமாக இறங்கி அந்த இடத்து நரம்பு முனைகளையும் சேர்த்துத் தின்றிருந்தது. தோல் ஒட்டும் சிகிச்சை வரை போய்விட்டது.

அதனால் சாக்கு இன்றோடு போகட்டும். நீரை உறிஞ்சாத நுரை வைத்த பேட்தான் உங்களுக்கு வேண்டும். கடையிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உள்ளே போனால் வேண்டாம். துணி உறை போட்டது கலவை வேலைக்கு ஆகாது. பேன்ட் பையில் பேட் வைத்திருக்கிற நாளில் கலவை நனைக்கிற இடமாக இருந்தால் மேலே நீர் புகாத ஒரு மூடியும் வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குக் கட்டுகிற பேடைப் போட்டுக்கொள்ளுங்கள். எப்படியோ முட்டி நனைந்துவிட்டால், அந்த வரிசையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே பேடையும் பேன்ட்டையும் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். மாற்றுப் பேன்ட் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் பேடின் உள்பக்கத்தையும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். உள்ளே தங்கும் மணல்தான் மறுநாள் தோலைச் சிராய்க்கிறது.

இனி உள்வலி. இதைப் பார்க்காமல், தொட்டுச் சோதிக்காமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சில்லுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு தேயத் தொடங்கியிருக்கலாம், மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற அரைவட்டத் திண்டு கிழிந்திருக்கலாம். முட்டி திடீரென்று மாட்டிக்கொண்டு நீட்ட வராமல் போகிறதா, நடக்கும்போது மடிந்துவிடுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். முட்டியை முழுக்க மடக்கிக் குதிகாலில் உட்காரும்போது மூட்டுக்குள் அழுத்தம் மிக அதிகம், அது பேடுக்கு மேலே, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் நடக்கிறது.

ஜெர்மனியில் முட்டி போட்டுச் செய்யும் வேலையால் வரும் மூட்டுத் தேய்மானத்தை 2009 முதல் தொழில்நோயாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு, வேலைநாளில் குறைந்தது ஒரு மணி நேரம் வீதம், வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஐந்து மணி, வருடத்துக்கு 250 நாள் என்றால் வருடத்துக்கு 1,250 மணி. பத்தரை வருடத்திலேயே 13,000 தாண்டியாகிவிட்டது. உங்கள் முட்டி தேய்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, நஷ்டஈட்டுக்காக வகுத்த எல்லை அது. ஆனால் மீதி இருக்கும் வேலை வருடங்களில் மணிக்கணக்கைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதற்கு எனக்கு அந்த ஒரு எண் போதும்.

எப்படிக் குறைப்பது? டைல்ஸ் ஒட்டுவதை மட்டும் தரையில் செய்யுங்கள். மற்றதெல்லாம் தரையில் ஏன் நடக்கிறது என்று ஒரு நாள் முழுக்க உங்களையே கவனித்துப் பாருங்கள். வெட்டும் மெஷின் தரையில் இருக்கும், கலவை வாளி தரையில், டைல்ஸ் அடுக்கு தரையில். இவை மூன்றையும் இடுப்பு உயர மேசைக்கு ஏற்றினாலே ஒரு நாளில் எத்தனையோ தடவை நீங்கள் எழுந்து நிற்பீர்கள். இடுக்குகளில் பூசிய பூச்சைத் துடைப்பதற்கு நீளக் கைப்பிடி வைத்த கருவி இருக்கிறது. டென்மார்க்கில் தரைவிரிப்புத் தொழிலாளிகளுக்கு நின்றபடியே பசை தடவவும் சமப்படுத்தவும் நீளக் கைப்பிடிக் கருவிகளைக் கொடுத்து, அவற்றில் பயிற்சியும் கொடுத்தார்கள். அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களுக்கு முட்டித் தொந்தரவு குறைந்தது. கருவி மட்டும் வந்து, பழக நேரம் கொடுக்காமல் போனால் எல்லோரும் மறுநாளே பழைய கரண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு வாரமாவது வேகம் குறையும் என்று ஏற்றுக்கொண்டு பழகுங்கள்.

தரையில் இருக்கிற நேரத்திலும் குதிகாலில் உட்காராதீர்கள். ஒரு சாண் உயரப் பலகையையோ கெட்டியான திண்டையோ பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் முட்டி அவ்வளவு மடங்காது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்திருங்கள், ரசமட்டம் பார்ப்பதையும் நூல் சரிபார்ப்பதையும் அந்த நேரத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். எழும்போது முட்டியை ஊன்றினபடி உடம்பைத் திருப்பாதீர்கள், மெனிஸ்கஸ் கிழிவது இப்படித்தான். முதலில் திசை பார்த்து ஒரு பாதத்தை முன்னால் வையுங்கள், கையைத் தொடையில் ஊன்றுங்கள், அப்புறம் எழுந்திருங்கள். தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மறு காலை முட்டி மடங்காமல் ஒரு அடி தூக்கி, ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் இரவும். வலித்தால் நிறுத்திவிட்டு உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

கடைசியாக அந்தப் பையன். ஆமாம், இப்போதே வாங்கித் தாருங்கள். அவனுக்கு இன்னும் வலிக்கவில்லை, அதனால் அவன் மாட்டிக்கொள்ள மாட்டான். கழற்றிப் போட்டுவிட்டு, முட்டி கெட்டியாகிவிடும் என்பான். தோல் கெட்டியாகும், உள்ளே இருக்கும் பை கெட்டியாகித் தடித்தால் அதற்குப் பெயர் நோய் என்று சொல்லுங்கள். நீங்கள் மாட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தால் அவனும் மாட்டுவான். உங்கள் பழைய ஜோடியை அவனிடம் கொடுத்துவிடாதீர்கள். அதன் நுரை உங்கள் முட்டியின் அளவுக்கு ஏற்கெனவே நசுங்கிப்போயிருக்கும், வேர்வையும் தோல் கிருமியும் கைமாறும். அவன் காலுக்கு அளந்து, முட்டி போட வைத்து, சாக்பீஸ் தடம் பார்த்து, புதிதாக ஒன்று வாங்குங்கள். உங்கள் ஜோடியில் உங்கள் பெயரையும் அவன் ஜோடியில் அவன் பெயரையும் மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

மருத்துவரைப் பார்த்த பிறகு வீக்கத்துக்கும் உள்வலிக்கும் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்தக் காலை முன்னால் வைத்து எழுகிறீர்கள் என்பதையும் கவனித்து எழுதுங்கள். எப்போதும் வலது முட்டியையே தரையில் ஊன்றுகிறீர்கள் என்றுதான் எனக்குச் சந்தேகம், வீக்கம் அங்கே மட்டும் இருப்பதைப் பார்த்தால்.